சாவியைக் கேட்காதீர்கள், சான்றிதழைக் கேளுங்கள்!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் என் அறைக்கு வந்தபோது, "கவிதை நிறைய வந்துடுச்சுடா. நீ ஏதாவது பிராஜெக்ட்டுக்கு உதவுற மாதிரி எழுது" என்றான். உதவுகிற மாதிரி எழுத வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பரவாயில்லை, தொடங்குகிறேன்.

ஐந்தாம் செமஸ்டரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ்ஸுக்காக ஒரு வலைச்செயலி எழுதினோம். நாளைக்கு யார் சாப்பிடுவார்கள், யார் ஊருக்குப் போகிறார்கள் என்று முதல்நாள் இரவே பதிந்துவிட்டால் சோறு வீணாகாது அல்லவா? பைத்தான், அதில் பிளாஸ்க், தகவல்களை வைக்க எஸ்.க்யூ.லைட். இரண்டே வாரத்தில் தயார். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கத்தையும் நாங்களே எழுதினோம். அந்தப் பாஸ்வேர்டை எங்கே வைத்தோம் தெரியுமா? டேபிளில், பெயருக்குப் பக்கத்திலேயே, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி அப்படியே வைத்தோம். "அப்புறம் மாத்திக்கலாம்டா" என்று சொன்னது நான்தான்.

டெமோ காட்டுவதற்காக அந்த ஃபோல்டரை லேபில் ஒரு கணினியில் காப்பி செய்தோம். டெமோ முடிந்த சந்தோஷத்தில் அழிக்க மறந்தோம். யாரோ திறந்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் தன் மெயிலுக்கும் எங்கள் செயலிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தான். ஒருநாள் காலையில் அவனால் மெயிலைத் திறக்க முடியவில்லை. பதினொரு நாள் போராடித்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குள், அவனுடைய உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் கேட்டு வந்திருந்த மெயிலின் கெடு முடிந்துபோயிருந்தது.

அவன் என்னிடம் வந்து கேட்டான்: "அண்ணா, உங்க மெஸ் ஆப்புலயும் நான் அதே பாஸ்வேர்டுதான் போட்டிருந்தேன். அதனால இருக்குமா?"

"தெரியலடா தம்பி" என்றேன். எனக்குத் தெரியும்.

பாஸ்வேர்டே வாங்காமல் ஒரு செயலியை நடத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. "கூகுள் மூலம் உள்ளே வருக" என்று ஒரு பொத்தான் பல தளங்களில் பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் பிராஜெக்ட்டில் வைப்பது எப்படி, உள்ளே என்ன நடக்கிறது, எங்கே வழுக்கி விழுவோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

"ஹாஷ் பண்ணி வச்சிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். வச்சிருக்கலாம்தான். பிளாஸ்க்கோடு சேர்ந்தே வரும் வெர்க்ஸூக் என்ற தொகுப்பில் அதற்கான ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே வரி வேலை. பாஸ்வேர்டு வாங்குகிற எவரும் செய்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது. பெரிய இடத்திலும் இதை மறந்திருக்கிறார்கள். ராக்-யூ என்ற அமெரிக்க நிறுவனம் இப்படிப் பச்சையாக வைத்திருந்த சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் 2009 டிசம்பரில் வெளியே போயின. ஆனால் ஹாஷ் செய்தாலும் வேலை தீராது. மறந்தவனுக்கு மாற்று வழி செய்ய வேண்டும், ஆயிரம் தடவை ஊகித்துப் பார்ப்பவனைத் தடுக்க வேண்டும். மூன்று வருட டிப்ளமோவில் நாலு பேர் செய்யும் பிராஜெக்ட்டுக்கு இவ்வளவு சுமை தேவையா? நம்மிடம் இல்லாத பாஸ்வேர்டை நம்மிடமிருந்து திருட முடியாது.

சாவியும் டோக்கனும்

முதலில் கொஞ்சம் சரித்திரம். 2000-க்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் புதிதாக வந்த தளங்கள் பல, "உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம், உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று கூச்சமில்லாமல் கேட்டன. மக்களும் கொடுத்தார்கள்.

இது எப்படி என்றால், ரெக்கார்டு நோட்டை எடுத்துவர நண்பனிடம் ரூம் சாவியைக் கொடுப்பது மாதிரி. நோட்டை எடுக்கப் போனவன் பெட்டியையும் திறக்கலாம். சாவிக்கு நகலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவனைத் தடுக்க வேண்டுமென்றால் பூட்டையே மாற்ற வேண்டும். பூட்டை மாற்றினால் சாவி வைத்திருக்கும் ரூம்மேட்டுகள் எல்லோரும் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான்!

இந்தத் தொல்லைக்காகப் பிறந்ததுதான் ஓ-ஆத். 2006-இல் ட்விட்டர் முதலிய நிறுவனங்களில் இருந்த பொறியாளர்களிடையே பேச்சு தொடங்கி, 2007-இல் முதல் பதிப்பு வந்தது. இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு அதை 2010 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 5849 என்று வெளியிட்டது. அதற்குப் பின் முழுதாக மாற்றி எழுதப்பட்ட ஓ-ஆத் 2.0, ஆர்.எஃப்.சி. 6749 என்ற எண்ணில் 2012 அக்டோபரில் வந்தது. இன்று நாம் பயன்படுத்துவது இந்த 2.0-தான்.

இதன் சாரம் இவ்வளவே: சாவிக்குப் பதில் டோக்கன். நம்ம மெஸ் டோக்கனையே நினைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு டோக்கனைக் கொடுத்தால் மதியச் சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும், ஸ்டோர் ரூமுக்குள் விடமாட்டார்கள். எதற்கு அனுமதி என்ற இந்த எல்லைக்கு ஸ்கோப் என்று பெயர். இன்றைய டோக்கன் நாளைக்குச் செல்லாது. கூகுள் தரும் அணுகல் டோக்கனும் அப்படித்தான், சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் காலாவதி. வேண்டாம் என்றால் அந்த ஒரு டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம். பூட்டை மாற்ற வேண்டியதில்லை.

டோக்கன் வேறு, போனஃபைட் வேறு

கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மெஸ் டோக்கனை நீட்டினால் அண்ணன் சாப்பாடு போடுவார். நீ யார் என்று கேட்கவே மாட்டார். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சாப்பாடு. கீழே கிடந்ததை எடுத்தவனுக்கும் சாப்பாடு. ஓ-ஆத் அணுகல் டோக்கனும் அதே வகைதான். வைத்திருப்பவர் யார் என்று அது சொல்லாது, வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும்தான் சொல்லும்.

ஆக, மெஸ் டோக்கனைக் காட்டி "நான்தான் இன்னார்" என்று பாங்க்கில் நிரூபிக்க முடியுமா? முடியாது. ஆனால் ஆரம்ப காலத்தில் பல தளங்கள் இதைத்தான் செய்தன. மொபைல் செயலி ஒரு அணுகல் டோக்கனை அனுப்பும். சர்வர் அதை எடுத்துக்கொண்டு போய் "இது யாருடைய டோக்கன்?" என்று கேட்கும். வந்த பெயரை நம்பி உள்ளே விடும். வேறு ஏதோ ஒரு விளையாட்டுச் செயலிக்கு நீங்கள் கொடுத்த டோக்கனை அந்தச் செயலிக்காரன் இங்கே நீட்டினால்? அவன் உங்கள் பெயரில் உள்ளே வந்துவிடுவான்!

அடையாளம் வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? ஆபீசுக்குப் போய் போனஃபைட் வாங்குகிறோம். அந்தத் தாளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். யார் கொடுத்தது, யாரைப் பற்றி (பதிவு எண்ணுடன்), எதற்காக (கல்விக் கடனுக்கா, உதவித்தொகைக்கா), என்ன தேதி, கீழே கையெழுத்தும் முத்திரையும்.

2014 பிப்ரவரியில் வெளிவந்த ஓபன்-ஐடி கனெக்ட், ஓ-ஆத் 2.0-இன் மேல் இதே போனஃபைட்டைச் சேர்த்தது. அதன் பெயர் ஐடி டோக்கன். இரண்டு புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டு எழுத்துகள். நடுத் துண்டில் விவரங்கள், கடைசித் துண்டில் கையெழுத்து. விவரங்களில் ஐஎஸ்எஸ் என்பது கொடுத்தவர், சப் என்பது பயனாளரின் மாறாத எண், ஆட் என்பது எந்தச் செயலிக்காகக் கொடுக்கப்பட்டது, எக்ஸ்ப் என்பது காலாவதி நேரம். கல்விக் கடனுக்கு வாங்கிய போனஃபைட்டை வேறு இடத்தில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள் இல்லையா? அந்த வேலையைத்தான் ஆட் செய்கிறது.

கூகுள் இந்த ஐடி டோக்கனைத் தருகிறது. கிட்ஹப்பில் பயனாளர் நுழைவுக்கு இருப்பது வெறும் ஓ-ஆத் மட்டும். அங்கே டோக்கனைப் பெற்ற பிறகு அவர்களுடைய பயனாளர் விவர முகவரியில் நம் சர்வரே கேட்டு, எண் வடிவில் உள்ள ஐடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது

1. மாணவர் "கூகுள் மூலம் உள்ளே வருக" என்று அழுத்துகிறார். நம் சர்வர் அவருடைய பிரவுசரைக் கூகுளுக்குத் திருப்பி அனுப்புகிறது. போகும்போது நம் செயலியின் கிளையண்ட் ஐடி, ஸ்கோப், திரும்பி வர வேண்டிய முகவரி, ஸ்டேட் என்ற ஒரு ரகசிய எண் ஆகியவை உடன் போகின்றன.

2. கூகுளின் பக்கத்தில், கூகுளிடமே அவர் தன் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார். நாம் அதைப் பார்ப்பதே இல்லை.

3. "இந்தச் செயலிக்கு உங்கள் பெயரும் மெயில் முகவரியும் தரலாமா?" என்று கூகுள் கேட்கிறது. சரி என்கிறார்.

4. கூகுள் அவரை நம் முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. கூடவே ஒரு குறியீட்டுச் சரம் வருகிறது. கோட் என்று பெயர். ஒரு தடவைதான் செல்லும். அதிகபட்சம் 10 நிமிடம் உயிரோடு இருக்கலாம் என்பது ஆர்.எஃப்.சி. சொல்லும் பரிந்துரை.

5. நம் சர்வர் அந்தக் கோடையும் தன் கிளையண்ட் சீக்ரெட்டையும் நேரடியாகக் கூகுளிடம் கொடுத்து, அணுகல் டோக்கனையும் ஐடி டோக்கனையும் வாங்குகிறது. இந்தப் பரிமாற்றம் பிரவுசர் வழியாக நடப்பதில்லை.

6. ஐடி டோக்கனைச் சரிபார்த்து, நம் செயலியின் செஷனைத் தொடங்குகிறோம். அவ்வளவுதான்.

"டோக்கனை நாலாவது படியிலேயே கொடுத்தால் என்ன, எதற்கு இந்தச் சுற்று?" என்று எனக்கும் தோன்றியது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் வருவது எதுவும் ஹிஸ்டரியில் தங்கும். லேபில் அடுத்து உட்காருபவன் பார்ப்பான். கோடை மட்டும் பார்த்தால் பயனில்லை. அதை டோக்கனாக மாற்ற நம் சீக்ரெட் வேண்டும். டோக்கனை நேராகப் பிரவுசரிடம் கொடுக்கும் பழைய முறையும் 2.0-இல் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 9700, அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

பைத்தானில் செய்வது

கூகுளின் கிளவுட் கன்சோலில் ஒரு பிராஜெக்ட் தொடங்கி, ஒப்புதல் திரைக்கான விவரங்களை நிரப்பி, வெப் அப்ளிகேஷன் வகையில் ஒரு கிளையண்ட் உருவாக்குங்கள். கிளையண்ட் ஐடி, கிளையண்ட் சீக்ரெட் இரண்டும் கிடைக்கும். திரும்பி வரும் முகவரியை அங்கேயே பதிய வேண்டும். சோதனை நிலையில் 100 பேரைத்தான் சேர்க்க முடியும். எங்கள் ஹாஸ்டலில் அதற்கு மேல் ஆட்கள் இருந்ததால் வெளியீட்டு நிலைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு நம் கணினியில் பிப் கொண்டு பிளாஸ்க், ஆத்லிப், ரெக்வெஸ்ட்ஸ் மூன்றையும் நிறுவுங்கள். ஆத்லிப்தான் முக்கியமான லைப்ரரி. ஆறு படிகளையும் கையால் எழுதலாம்தான், நாங்களும் முதலில் அப்படித்தான் தொடங்கினோம். நாலு நாள் கழித்து விட்டுவிட்டோம். பாதுகாப்பு விஷயத்தில் சொந்த சமையல் வேண்டாம்.

நிரலில் மூன்று பகுதிகள்தான். முதல் பகுதியில் ஆத்லிப்பின் ஓ-ஆத் பொருளை உருவாக்கி, அதில் கூகுளைப் பதிவு செய்கிறோம். ஐடி, சீக்ரெட், ஸ்கோப்பாக ஓபன்-ஐடி, ஈமெயில், புரொஃபைல் என்ற மூன்று சொற்கள், கூகுளின் விவரக் கோப்பு இருக்கும் முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். எங்கே அனுப்புவது, எந்தச் சாவியால் கையெழுத்தைச் சரிபார்ப்பது என்பதெல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே லைப்ரரி படித்துக்கொள்ளும்.

இரண்டாம் பகுதி, பொத்தானுக்கான ரூட். இரண்டே வரி. திரும்பி வரும் முகவரியைக் கணக்கிடு, கூகுளுக்கு அனுப்பு. ஸ்டேட்டையும், ஐடி டோக்கனுக்கான நான்ஸ் என்ற இன்னொரு எண்ணையும் லைப்ரரியே உருவாக்கி செஷனில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் பகுதி, திரும்பி வரும் ரூட். லைப்ரரியிடம் டோக்கனைப் பெறச் சொல்லும் ஒரு வரி. ஸ்டேட் ஒப்பீடு, கோடு பரிமாற்றம், கையெழுத்து, வழங்கியவர், காலாவதி, நான்ஸ் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் சரிபார்க்கப்படும். ஆட் நம் ஐடிதானா என்று இன்னொரு வரியில் நாமும் பார்த்துக்கொண்டால் தப்பில்லை. விடையில் யூசர்-இன்ஃபோ என்ற பகுதியில் சப், பெயர், மெயில் முகவரி எல்லாம் இருக்கும். அதிலிருந்து நம் டேபிளில் ஆளைத் தேடு, இல்லையென்றால் சேர், செஷனில் நம்முடைய பயனாளர் எண்ணை எழுது.

பதிவு செய்யும் பகுதியிலேயே பி.கே.சி.இ. என்ற ஒன்றையும் இயக்கிவிடுங்கள். பிக்ஸி என்று உச்சரிப்பார்கள். 2015-இல் வந்தது. முதல் படியில் ஒரு ரகசியத்தின் ஹாஷை அனுப்பி, ஐந்தாம் படியில் அந்த ரகசியத்தையே காட்டுவது இதன் முறை. கோடை வழியில் யாராவது தட்டிப் பறித்தாலும் ரகசியம் இல்லாமல் மாற்ற முடியாது. ஆத்லிப்பில் எஸ்-256 என்று ஒரு அமைப்பைச் சேர்த்தால் போதும்.

எங்களை இரண்டு நாள் அலைய வைத்தது ஒரு சின்ன விஷயம். கன்சோலில் லோக்கல்ஹோஸ்ட் என்று பதிந்துவிட்டு, பிரவுசரில் 127.0.0.1 என்று திறந்தோம். நமக்கு இரண்டும் ஒன்றுதான். கூகுளுக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு முகவரி. முகவரி பொருந்தவில்லை என்ற பிழை வந்தது. திரும்பி வரும் முகவரியை மட்டும் லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றினோம். இப்போது ஸ்டேட் ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு பிழை. ஏனென்றால் குக்கீ 127.0.0.1-இல் இருக்கிறது, திரும்பி வந்ததோ லோக்கல்ஹோஸ்ட்டுக்கு. எங்கள் குழுவில் ஒருவன், "அந்த ஸ்டேட் செக்கையே எடுத்துடலாம்டா, வேலை முடிஞ்சுது" என்றான். நானும் கிட்டத்தட்ட சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பிரவுசரிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறந்ததும் இரண்டு பிழைகளும் போயின.

ஸ்டேட் எதற்கு?

எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேளுங்கள்.

ஒருவன் தன் கூகுள் கணக்கால் எங்கள் செயலிக்குள் வரத் தொடங்குகிறான். நாலாவது படியில், கோடு அடங்கிய அந்த முகவரியைத் திறக்காமல் நிறுத்தி, அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்புகிறான். "மெஸ் மெனு மாறிடுச்சு, பாரு" என்று. நீங்கள் தொடுகிறீர்கள். எங்கள் சர்வர் கோடை மாற்றிப் பார்த்து, உங்களை அவனுடைய கணக்கில் உள்ளே விடுகிறது. நீங்கள் கவனிக்கவில்லை. அட்வான்ஸ் பாக்கியைத் திருப்பித் தர வங்கிக் கணக்கு எண் கேட்கும் பக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் நிரப்புகிறீர்கள். இரவு அவன் தன் கணக்கைத் திறந்து உங்கள் எண்ணைப் படித்துக்கொள்கிறான்.

தொடங்கியவரும் முடித்தவரும் ஒரே ஆளா என்று பார்ப்பதுதான் ஸ்டேட்டின் வேலை. இந்தக் கேள்வியை ஓ-ஆத்தை வகுத்தவர்களே முதலில் கோட்டைவிட்டார்கள். 2009 ஏப்ரலில் முதல் பதிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தாக்குபவன் தொடங்கி, அனுமதியை மட்டும் வேறொருவரைக் கொடுக்க வைத்து, மறுபடி தானே முடித்துவிட முடியும் என்பதுதான் அது. 2009 ஜூனில் 1.0ஏ என்று திருத்தம் வந்தது. வல்லுநர்களே சறுக்கிய இடத்தில், பிழைச் செய்தி எரிச்சலாக இருக்கிறது என்று நாம் செக்கைத் தூக்கக் கூடாது.

மெயில் முகவரி பதிவு எண் ஆகாது

எங்கள் டேபிளில் ஆளை அடையாளம் காண முதலில் மெயில் முகவரியைத்தான் வைத்தோம். படிக்க எளிதாக இருந்தது. இதுவும் தப்பு.

போனஃபைட்டில் பெயரும் இருக்கும், பதிவு எண்ணும் இருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கலாம். பதிவு எண் ஒன்றுதான். மெயில் முகவரி மாறும். ஒருவர் போன பிறகு இன்னொருவருக்கும் போகும். 2025 ஜனவரியில் ட்ரஃபிள் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதைச் செய்தே காட்டியது. மூடப்பட்ட ஒரு தொழில் நிறுவனத்தின் டொமைனை விலைக்கு வாங்கி, பழைய ஊழியர்களின் முகவரிகளை மறுபடி உருவாக்கி, கூகுள் நுழைவு வழியாக அவர்களுடைய பழைய கணக்குகளைப் பல சேவைகளில் திறக்க முடிந்தது. அந்தச் சேவைகள் முகவரியையும் டொமைனையும் நம்பியிருந்தன.

ஆகவே கொடுத்தவர், சப் இரண்டையும் சேர்த்துத்தான் சாவியாக வையுங்கள். மெயில் முகவரி காட்டுவதற்கும் கடிதம் அனுப்புவதற்கும் மட்டும். கூகுள், கிட்ஹப் என்று இரண்டு பொத்தான் வைத்தால், முகவரி ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு கணக்கையும் தானாக இணைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முகவரியைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், உங்கள் முகவரியைப் போட்டு அங்கே கணக்குத் தொடங்கியவன் இங்கே உங்கள் இடத்தில் உட்காருவான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பயனாளர் தானே கேட்டால் மட்டும் இணையுங்கள்.

கல்லூரி முகவரி உள்ளவர்களை மட்டும் அனுமதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கூகுளுக்கு அனுப்பும்போது எச்.டி. என்று டொமைனைச் சேர்க்கலாம். அது திரையில் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கு மட்டும்தான். பிரவுசரில் அதை யாரும் மாற்றிவிட முடியும். திரும்பி வரும் ஐடி டோக்கனுக்குள் இருக்கும் எச்.டி.யைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். கிளையண்ட் சீக்ரெட்டை நிரலுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். சூழல் மாறியில் வையுங்கள். தவறி ஏற்றிவிட்டால் அழிப்பது போதாது, பழைய பதிவில் இருக்கும். கன்சோலில் புதிய சீக்ரெட் வாங்குங்கள். அடுத்தது, பிளாஸ்க்கின் செஷன் குக்கீ கையெழுத்திட்டது, மறைக்கப்பட்டது இல்லை. யாரும் மாற்ற முடியாது, ஆனால் படிக்கலாம். அதில் டோக்கனை வைக்க வேண்டாம்.

இதில் நாம் இழப்பது

எல்லாம் நன்மை என்று சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். 2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் நுழைவு அமைப்பு சுமார் முக்கால் மணி நேரம் உலகம் முழுக்க நின்றது. அவர்கள் நின்றால் நாமும் நிற்போம். 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் ஒரு ஓட்டை வழியாகச் சுமார் 3 கோடி பேரின் டோக்கன்கள் திருடுபோயின. பெரிய வீட்டுக்கும் திருடன் வருவான். யார் எந்தத் தளத்துக்கு எப்போது போகிறார் என்பதும் கூகுளுக்குத் தெரிந்துவிடும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. லேப் கணினியில் மெஸ் செயலிக்காகக் கூகுளில் நுழைந்துவிட்டு, செயலியில் மட்டும் வெளியேறினால் கூகுள் கணக்கு அங்கே திறந்தே இருக்கும்! முன்பு போயிருந்தால் மெஸ் பாஸ்வேர்டு போயிருக்கும். இப்போது மெயிலே திறந்து கிடக்கும். எங்கள் வெளியேறும் பக்கத்தில் இதைச் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பொதுக் கணினியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து பயன்படுத்துங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள்.

கூகுள் கணக்கே இல்லாதவர்களும் உண்டு. நம் மெஸ் மாஸ்டர் அண்ணனுக்குக் கணக்கு இல்லை. அவருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பட்டியலை அச்செடுத்துக் கொடுக்கிறோம். அதுவும் செயலியின் ஒரு பகுதிதான்.

முடிவாக

இப்போது எங்கள் டேபிளில் பாஸ்வேர்டு என்ற காலமே இல்லை. லேபில் கிடந்த ஃபோல்டரையும் அழித்தோம். "மெஸ் செயலியில் போட்ட பாஸ்வேர்டை வேறு எங்காவது பயன்படுத்தினால் உடனே மாற்றவும்" என்று மெஸ் வாசலில் ஒரு தாளும் ஒட்டினோம். ஏன் என்று அந்தத் தாளில் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தம்பியிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக முழுவதும் படித்தான். "மாத்தினது நல்லதுண்ணா. ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் உடனே உதவித்தொகை ஆபீசுக்கு ஓடியிருப்பேன்" என்றான். அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. பாஸ்வேர்டு கசிந்தது தெரிந்தால், சம்பந்தப்பட்டவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இது எந்த லைப்ரரியிலும் கிடைக்காத படி, ஏழாவது படி.

அடுத்த ஆண்டு பிராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே! பொத்தான் வைப்பது ஒரு மாலை நேர வேலைதான். எங்கள் நிரலை வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம், சீக்ரெட் மட்டும் அதில் இருக்காது. சந்தேகம் இருந்தால் இரவுச் சாப்பாட்டு வரிசையில் பிடித்துக் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.